தலைப்பொங்கல் படிக்கு மொட்டை மாடி போதுமா?

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மொட்டை மாடியில் முப்பது பைகள் வைத்து இரண்டு வருடமாகக் கீரை, தக்காளி, மிளகாய் என்று ஏதோ வளர்த்து வருகிறேன். புறவாசலில் மூன்றடி அகலம், பன்னிரண்டடி நீளத்துக்கு மண் தரையும் சும்மா கிடக்கிறது. ஆவணியில் மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தோம். வருகிற தை அவளுக்குத் தலைப்பொங்கல். எங்கள் வீட்டுப் பொங்கல் குழம்புக்கும் அவளுக்குக் கொண்டுபோகும் பொங்கல்படிக்கும் என் கையால் வளர்த்த காயே போக வேண்டும் என்று ஆசை. அவரை, மொச்சை, கத்தரி, பூசணி, சீனிக்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை என்று ஏழு எழுதி வைத்திருக்கிறேன். மஞ்சள்குலையும் வைத்துவிடலாமா? பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் தட்டு நிறைய வரும். அந்தத் தட்டில் இந்த முறை தோட்டத்துப் பொருள் ஏதாவது வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மோர்மிளகாய் போட்டுக் கொடுக்கலாமா? எதை எப்போது விதைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை வாசித்ததும் காலண்டரைத்தான் முதலில் எடுத்தேன். இன்று அக்டோபர் 1, புரட்டாசி பாதி. தை பிறக்க நமக்கு 105 நாள் இருக்கிறது, மிஞ்சினால் 106. நீங்கள் எழுதிய ஏழில் எது எது இந்த 105 நாளுக்குள் அடங்கும் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சேனைக்கு எட்டு, ஒன்பது மாதம் வேண்டும். சித்திரை, வைகாசியில் நட்டவர்கள்தான் தையில் தோண்டுவார்கள். மஞ்சளும் அப்படியே. வைகாசி, ஆனியில் பூமிக்குள் போனால்தான் பொங்கலுக்குக் குலையாக நிற்கும். சிறுகிழங்குக்கு நாலரை, ஐந்து மாதம். இப்போது கொடி நுனி வாங்கி நட்டாலும் மாசிக்குத்தான் தோண்ட முடியும். இந்த மூன்றையும் இந்த வருடம் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுகிழங்கை மண்ணோடு வாங்கி, சாக்கில் போட்டுத் தரையில் நாலு அடி அடித்துத் தேய்த்துத் தோலெடுக்கும் வேலை இருக்கிறதே, அதைச் செய்தாலே பாதி விவசாயம் பார்த்த மாதிரிதான்.

மொச்சையும் கொடி அவரையும் வேறு கதை. 105 நாள் போதாதா என்று கேட்பீர்கள். எண்ணிக்கைக்குப் போதும், பருவத்துக்குப் போதாது. நம் நாட்டு மொச்சையும் பந்தல் அவரையும் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசி முழுக்கக் கொடி ஓடிப் பந்தலை நிறைத்துவிட்டு, ஐப்பசிக்குமேல் பகல் சுருங்கியதும் கொத்துக் கொத்தாகப் பூ வைக்கும். மார்கழி, தையில் மார்க்கெட் முழுக்க மொச்சையும் அவரையும் குவிவது இதனால்தான். புரட்டாசியில் விதைத்தால் விதை முளைக்கிற நேரமே பகல் குட்டையாகிவிட்டிருக்கும். கொடி இரண்டடி ஓடுவதற்குள் பூத்து, பத்துக் காய் காய்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்னவர்கள் மழையை மட்டும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அவரைக்கு ஒரு வழி உண்டு. குத்தவரை, அதாவது செடி அவரை விதை வாங்குங்கள். பந்தல் வேண்டாம், பகல் நீளத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது, விதைத்து 75, 80 நாளில் காய்க்கு வரும். ஐந்து பையில் இந்த வாரம் போடுங்கள், இன்னும் மூன்று பையில் பதினைந்து நாள் கழித்துப் போடுங்கள். மழை ஒரு வரிசையைக் கெடுத்தாலும் மற்றது நிற்கும்.

கத்தரிக்குக் கணக்குச் சரியாக வருகிறது. நாற்று 30 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு 60, 65 நாள். இன்றைக்கு விதை போட்டாலும் புத்தாண்டுக்குப் பக்கத்தில் பறிக்கலாம். நாற்றங்காலில் வளர்ந்த நாற்று கிடைத்தால் அதையே வாங்கி நடுங்கள். தை பிறக்கும்போது செடி இரண்டு மூன்று பறிப்பு முடிந்து முழுக் காய்ப்பில் இருக்கும். ஆறு செடி போதும். நாமே விதை போடுவதென்றால் நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்தில் வையுங்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே இருந்தால் தண்டு தரையோரம் அழுகி வரிசையாகச் சாய்ந்துவிடும். விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கொஞ்சம் புரட்டிப் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

சீனிக்கிழங்கு நூலிழையில் தப்புகிறது. 90 முதல் 120 நாள் கேட்கும் பயிர். அதனால் இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். கொடியின் நுனிப்பக்கமாக ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நடுங்கள். இருப்பதிலேயே பெரிய பைகளை இதற்குக் கொடுங்கள், பைக்கு இரண்டு துண்டு. சாணி உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை செழிப்பாக வரும், கீழே வேர்தான் இருக்கும். கொடி பக்கத்துப் பைகளில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டால் தூக்கிப் புரட்டிவிடுங்கள். தோண்டுவதைப் போகிக்கு ஒரு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தோண்டியதும் அவித்தால் மாவாக இருக்கும். கழுவாமல் நிழலில் ஆறேழு நாள் கிடந்தால் மாவில் கொஞ்சம் சர்க்கரையாக மாறி, பெயருக்கேற்ற ருசி வரும்.

பூசணியை நம்பிக் குழம்புக்கு உலை வைக்காதீர்கள். 45, 50 நாளில் பெண்பூ வரும், அது முற்ற இன்னொரு 40 நாள். கணக்கு 90-இல் முடிகிறது. ஆனால் அந்தப் பெண்பூ வருவது கார்த்திகை பிறக்கிற சமயம், நமக்கு நல்ல மழை. தேனீ வராது, மகரந்தத்தை மழை கழுவிவிடும். ஆசைக்கு ஒரு பெரிய பையில் இரண்டு விதை போடுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு விரியும் பூவைக் கண்டால், காலை ஒன்பது மணிக்குள் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, அதன் நடுவில் தொட்டுவிடுங்கள். ஒரு காய் பிடித்தால் லாபம்.

ஆக உங்கள் ஏழில் உறுதியாக மூன்று, யோகமிருந்தால் நாலு. மீதிக்கு நீங்கள் எழுதாத காய்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனியவரையும் (கொத்தவரங்காய்) வெண்டையும் 45, 50 நாளில் வருபவை. ஆனால் விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் நாளோடு ஒரு வாரம், பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள், மார்கழிப் பனியில் எல்லாம் மெதுவாகத்தான் வளரும். நவம்பர் 10-க்குள் விதைத்தால் பொங்கலுக்குப் பிஞ்சாகப் பறிக்கலாம். சின்ன வெங்காயம் 65, 70 நாள். நவம்பர் முதல் வாரம் காயை நடுங்கள், மணல் கூடுதலாகக் கலந்த பையில். முள்ளங்கி டிசம்பர் முதல் தேதி. கொத்தமல்லியும் அன்றைக்கே. மல்லியைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஐப்பசியில் அவசரப்பட்டுப் போட்டால் அடைமழையில் அழுகும். மார்கழிக் குளிருக்கு மல்லித்தழை தரும் மணம் வேறு மாதத்தில் வராது. அரைக்கீரை, சிறுகீரை டிசம்பர் 15-க்கு மேல் போதும்.

இனி நான் ஆசையாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றடிக்குப் பன்னிரண்டடி மண் தரை சும்மா கிடக்கிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். நெல்லைச் சீமையிலிருந்து தலைப்பொங்கலுக்குப் படி போகிறது, உங்கள் பட்டியலில் பனங்கிழங்கு இல்லையே அம்மா! கரும்பும் மஞ்சள்குலையும் கோயம்புத்தூரிலேயே தெருத்தெருவாக விற்கும். பனங்கிழங்குக் கட்டு தெற்கத்திப் படிக்கென்றே உரியது. அதை விதைக்கிற மாதமும் இதுதான்.

ஆடியிலிருந்தே பனம்பழம் விழுகிறது, புரட்டாசியோடு முடிந்துவிடும். திருச்செந்தூர் ரோட்டுப் பக்கமோ நாங்குநேரிப் பக்கமோ தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு சாக்குப் பனங்கொட்டை கேட்டு வாங்குங்கள். இந்த வருடத்துக் கொட்டையாக இருக்க வேண்டும், கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். வெயிலில் காய்ந்து உள்ளே ஆடுகிற கொட்டை வேண்டாம்.

தரையைக் கொத்தி அதில் குழி தோண்டிப் புதைப்பார்கள் சிலர். அது பிடுங்கும்போது தெரியும் தப்பு. பனையின் முளை முதலில் மேலே வராது, நேராகக் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில்தான் கிழங்கு திரளும். அதனால் கொட்டைக்கு அடியில்தான் இளக்கமான மண் வேண்டும். செங்கல்லை ஓரம் வைத்து, மணலும் மண்ணும் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். கல், ஓடு இருந்தால் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். முளை கல்லில் முட்டினால் கிழங்கு கோணிக்கொள்ளும். மேட்டின்மேல் கொட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கி, இரண்டு விரல் கனத்துக்கு மண் தூவி மூடுங்கள். உங்கள் இடத்துக்கு இருநூறு கொட்டை தாராளமாகக் கொள்ளும். மழை வரும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் வானம் பார்த்துக்கொள்ளும். உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். கொட்டைக்குள் இருக்கும் சத்தை வைத்தே கிழங்கு வளர்கிறது.

மூன்று மாதத்திலிருந்து நாலு மாதத்துக்குள் கிழங்கு திரண்டுவிடும். மார்கழி பாதியில் ஓரத்தில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். கட்டைவிரல் கனத்துக்கு வந்திருந்தால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். குருத்து மண்ணுக்கு மேலே வந்து ஓலை விரிய விட்டுவிடாதீர்கள். அதன்பின் கிழங்கில் நார்தான் மிஞ்சும். ஒன்றிரண்டு கொட்டையை இடையில் வெட்டினால் உள்ளே வெள்ளைத் தவுண் இருக்கும், பேரப்பிள்ளைகள் யாராவது வந்தால் அதற்கே சண்டை போடுவார்கள்.

இருநூறில் நூற்றைம்பது தேறினாலும் மகளுக்கு ஐம்பது, பக்கத்து வீடுகளுக்குப் பத்துப் பத்து, உங்களுக்கு மிச்சம். ஊருக்குக் கொண்டுபோவதை அவிக்காதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு, மேல்தோல் உரிக்காமல் கட்டி எடுத்துப் போனால் ஒரு வாரம் தாங்கும். அவித்துவிட்டால் மறுநாளே பிசுபிசுக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு எப்படி அவிப்பது என்று சம்பந்தியம்மாவுக்கு மகள் சொல்லிக் கொடுக்கட்டும், மருமகளுக்கும் ஒரு பெருமை வேண்டாமா. மிஞ்சிய கிழங்கை மாசி வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று பேரே வைத்திருக்கிறார்கள். ஒடியல் மாவில் காய்ச்சும் கூழுக்காகவே ஊருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு.

படியைப் பற்றி ஒரு வார்த்தை. இது தோட்டக்காரன் பேச்சு இல்லை, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவன் பேச்சு. அரிசி, வெல்லம், தேங்காய், பானை, கரும்பு, வாழைக்காய், சேனை, மஞ்சள்குலை எல்லாவற்றையும் வழக்கம்போல் வாங்கி நிறைவாக வைத்துவிடுங்கள். மாடியில் விளைந்ததைத் தனியாக ஒரு பனைநார்ப் பெட்டியில், மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். மொத்தப் படியும் மாடியிலிருந்துதான் என்று வைராக்கியம் பிடித்து, ஒரு புயல் வந்து கெடுத்தால் மனசு சங்கடம்தான் மிச்சம். காயைப் புறப்படுகிற அன்று விடிகாலையில் பறியுங்கள், கழுவாதீர்கள், வாழையிலையில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்குள் கத்தரி வியர்த்துப் புள்ளி விழும்.

மழையைச் சொன்னேன். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம் பக்கம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு யாரும் தோட்டம் போட முடியாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே மாடிகள் தயாராக இருப்பதில்லை. எங்கள் மாடியில் ஒரு வருடம் காய்ந்த முருங்கை இலை தண்ணீர் போகும் குழாயில் போய் அடைத்துக்கொண்டது. காலையில் பார்த்தால் பைகள் அரையடித் தண்ணீரில் நிற்கின்றன. முப்பத்தோரு வருடம் தோட்டக்கலைத் துறையில் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் வீட்டில்! அதனால் குழாய் வாயில் ஒரு கம்பிவலை மாட்டிவிடுங்கள். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். நனைந்த பெரிய பை 25, 30 கிலோ கனக்கும்; நடுமாடியில் கூட்டமாக வைக்காமல் சுவரோரமாகவும் உத்தரம் ஓடும் இடத்துக்கு மேலாகவும் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பையிலும் ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே குச்சியால் குத்திப் பாருங்கள்.

பழைய மண்ணையே பயன்படுத்துவதாக இருந்தால் கொட்டிக் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கும் கலந்துகொள்ளுங்கள். புதிதாகத் தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்கினால் ஊறவைத்து இரண்டு தரம் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும், இளம் நாற்று கருகிவிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (பை, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பு) கிடைக்கிறதா என்றும் வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மார்கழி பிறந்ததும் அவரைக் கொழுந்தில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பும். பதறாதீர்கள். முதல் வேலையாகத் தண்ணீரை இலைக்கு அடியிலிருந்து வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பூசணி, வெண்டை இலையில் மாவு பூத்த மாதிரி சாம்பல் நோய் வந்தால் புளித்த மோரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து தெளிப்பதே போதும். எதுவானாலும் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிடுங்கள். படிப் பெட்டியில் வேப்பெண்ணெய் வாடை வரக்கூடாது.

கிறிஸ்துமஸ் தட்டுக்கு வருவோம். மோர்மிளகாய் வேண்டாம். அதற்கு நாலைந்து நாள் சுள்ளென்ற வெயில் தேவை, கார்த்திகையில் போட்டால் பூஞ்சணம்தான் பிடிக்கும். வத்தல், வடாம், மோர்மிளகாய் எல்லாம் மாசி, பங்குனிக்கு. தட்டுக்கு, நவம்பர் 5 வாக்கில் ஒரு பையில் முள்ளங்கி, 25-ஆம் தேதி வாக்கில் ஒரு பையில் வெந்தயம் விதையுங்கள். முந்திரிக்கொத்து வந்த தட்டில் இலையோடு நாலு வெள்ளை முள்ளங்கியும் ஒரு பிடி வெந்தயக்கீரையும் திரும்பிப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பண்டிகைப் பலகாரம் தின்று அலுத்த வயிற்றுக்கும் அது தேவைப்படும். கூடவே செடியாகக் கொடுக்க விரும்பினால், கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டு, முற்றிய தண்டுகளை நவம்பர் கடைசியில் சிரட்டையில் ஊன்றி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர்விட்டுத் துளிர்த்துவிடும். சிரட்டையின் கண்ணைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

பொங்கல் முடிந்ததும் மஞ்சள்குலையைத் தூக்கி எறிய வேண்டாம். கிழங்கை வெட்டி, முற்றியதாகப் பார்த்துப் பொறுக்கி, மணலில் நிழலாக வைத்திருந்து வைகாசியில் நடுங்கள். குத்தவரையிலும் கத்தரியிலும் நன்றாகக் காய்த்த செடி ஒன்றில் இரண்டு காயைப் பறிக்காமல் நூல் கட்டி விட்டுவிடுங்கள், விதைக்கு. மொச்சைக்கும் பந்தல் அவரைக்கும் ஆனி கடைசியில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், பந்தல் எப்படிப் போடுவது என்று விரிவாக எழுதுகிறேன்.

இப்போதைக்குப் பனங்கொட்டைக்கு ஆள் அனுப்புங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கொட்டையும் கிடைக்காது, கிடைத்தாலும் கிழங்கு மாசிக்குத்தான் வரும்.